ஏரா, காயிலா? முதலில் ஃப்ரேமைக் கேளுங்கள்

பக்கத்து பிளாக் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தன் மவுன்டன் பைக்கை, அதாவது மலைப்பாதையில் ஓட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் பார்க்கிங்குக்கு வந்தான். வான்கூவரை ஒட்டிய பர்னபியில் எங்கள் குடியிருப்பு. அடித்தளத்தில் என் கார் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் மூலைதான் என் பட்டறை. வந்ததும் வராததுமாகக் கேட்டான்: “அண்ணா, காயில் போட்டா வெண்ணெய்ல வழுக்குற மாதிரி போகும்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு ரெண்டடி உயரத்துலேர்ந்து இறங்கினாலே டங்குனு இடிக்குது. இன்னும் கெட்டியான ஸ்பிரிங் வாங்கிடட்டுமா?”

பின்சக்கரம் வாங்கும் அடியைத் தாங்கும் ஷாக்கைக் கழற்றிப் பார்த்தேன். சுருள் ஸ்பிரிங் சுற்றிய காயில் வகை. பழையதுதான், ஆனால் நல்ல பிராண்டு. எண்ணெய்க் கசிவில்லை, தண்டில் கீறல் இல்லை. ஃப்ரேமும் பழையது, அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாப்பிள்ளையும் நல்லவர், பெண்ணும் நல்லவள், பொருத்தம் மட்டும் யாரும் பார்க்கவில்லை.

“எந்த ரியர் ஷாக் நல்லது?” என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். காற்றை அடைத்த ஏர் ஷாக்கா, காயில் ஷாக்கா என்ற சண்டையும் அங்கேதான் தொடங்குகிறது. இரண்டையும் பல வருடம் ஓட்டிவிட்டுச் சொல்கிறேன்: ஃப்ரேமைப் பார்க்காமல் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

ஷாக் சக்கரத்தோடு நேராகச் சேர்ந்திருப்பதில்லை. நடுவில் ஒரு நெம்புகோல் இருக்கிறது. பின்சக்கரம் 150 மி.மீ. மேலே ஏறும்போது ஷாக் 60 மி.மீ. சுருங்கினால், சராசரி விகிதம் 2.5. இதைத்தான் லெவரேஜ் ரேஷியோ என்கிறோம். சராசரியோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. சக்கரம் ஏற ஏற இந்த விகிதம் மாறிக்கொண்டே போகும். ஆரம்பத்தில் 2.8 ஆக இருந்து கடைசியில் 2.1க்கு இறங்கினால், முடிவை நெருங்க நெருங்க ஷாக்கை அமுக்குவது சக்கரத்துக்குக் கடினமாகிக்கொண்டே போகும். இதற்கு ப்ரோக்ரஸிவ் என்று பெயர். விகிதம் மாறாமல் இருந்தால் லீனியர். கடைசியில் விகிதம் கூடினால் ரிக்ரஸிவ்.

இங்கே நிறையப் பேர் ஏமாறுவது சஸ்பென்ஷன் வகையின் பெயரில். ஹார்ஸ்ட் லிங்க், விபிபி, டிடபிள்யூ லிங்க் என்ற பெயர்கள் முக்கியமாகப் பின்சக்கரத்தின் அச்சு எந்தப் பாதையில் நகர்கிறது, செயின் இழுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் என்ன ஆகிறது என்பதைச் சொல்பவை. ஷாக்கை எந்தக் கோணத்தில், எந்த ராக்கர் (ஷாக்கை அமுக்கும் சிறு நெம்புகோல்) தள்ளுகிறது என்பது வேறு கணக்கு. ஹார்ஸ்ட் லிங்க் உள்ள இரண்டு பைக்கை எடுத்தால் ஒன்று லீனியராகவும் மற்றொன்று நன்றாக ப்ரோக்ரஸிவாகவும் இருக்கலாம். சான்டா குரூஸ் கம்பெனியின் நோமாட் பைக் இதற்கு நல்ல உதாரணம். 2017இல் வந்த நான்காம் தலைமுறையில் ஷாக்கை, ஃப்ரேமையும் பின்பக்கத்தையும் இணைக்கும் லிங்க்குகளில் மேல் லிங்க்கிலிருந்து கீழ் லிங்க்குக்கு மாற்றினார்கள். விபிபி என்ற பெயர் மாறவில்லை, லெவரேஜ் விகிதம் மாறிக்கொண்டு போகும் வளைவு மாறிவிட்டது. அதனால்தான் அந்த பைக்கை ஏர், காயில் இரண்டோடும் தைரியமாக விற்க முடிந்தது. பழைய விபிபி பைக்குகள் பலவற்றில் விகிதம் நடுவில் ஒரு பக்கமும் கடைசியில் வேறு பக்கமும் திரும்பும். அவற்றில் பல ஏர் ஷாக்கோடுதான் ஒத்துப்போகும். ராக்கர் எதுவும் இல்லாத நேரடி சிங்கிள் பிவட் (பின்பக்கம் ஒரே அச்சில் சுழலும்) ஃப்ரேம்களில் கோடு பெரும்பாலும் நேராகவே போகும்.

வளைவு தெரியாத பழைய ஃப்ரேம் என்றால் நாமே அளந்துவிடலாம். அன்றைக்கு அதைத்தான் செய்தோம். ஸ்பிரிங்கை மட்டும் கழற்றிவிட்டு ஷாக்கை மறுபடி மாட்டினோம். பைக்கை ஸ்டாண்டில் தூக்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, சுவரில் செல்லோடேப்பால் ஒரு இரும்பு ஸ்கேலை ஒட்டினேன். தம்பி பின்அச்சைப் பிடித்து மெதுவாக மேலே தூக்க, நான் காலிப்பரை ஷாக்கின் தண்டில் வைத்து ஒவ்வொரு 11 மி.மீ. சுருக்கத்துக்கும் “நிறுத்து” என்பேன். அச்சின் நடுப்புள்ளி ஸ்கேலில் எங்கே நிற்கிறது என்று அவன் படித்துச் சொல்வான். பழைய மளிகை ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டோம். அவன் ஷாக்கின் ஸ்ட்ரோக், அதாவது அது சுருங்கும் முழு அளவு, 55 மி.மீ. ஃப்ரேமின் டிராவல், அதாவது பின்சக்கரம் ஏறும் முழுத் தூரம், 150. ஐந்து பகுதியாக வந்த எண்கள்: 31, 30, 29.5, 29.5, 30.

அதாவது ஒவ்வொரு 11 மி.மீ.க்கும் சக்கரம் நகர்ந்தது கிட்டத்தட்ட ஒரே அளவுதான். விகிதம் 2.8இல் ஆரம்பித்து 2.7க்குக் கீழே இறங்கி, கடைசியில் மறுபடி கொஞ்சம் ஏறுகிறது. அவன் பைக் இடிப்பதற்குக் காரணம் அந்தக் கடைசி 30தான்.

அதே வேலையை என் பைக்கிலும் ஒருமுறை செய்திருந்தேன். 160 மி.மீ. டிராவல், 65 மி.மீ. ஸ்ட்ரோக். விகிதம் 2.8இலிருந்து 2.1க்கு இறங்குகிறது. ஆரம்ப விகிதத்தில் 25 சதவீதம் குறைகிறது. இதைத்தான் 25 சதவீத ப்ரோக்ரஷன் என்கிறோம்.

சரி, ஸ்பிரிங் கெட்டியில்லையா? அதையும் கணக்குப் போட்டோம். உடுப்பு, தண்ணீர், ஹெல்மெட்டோடு சேர்த்து அவன் 78 கிலோ. நின்ற நிலையில் அதில் 65 சதவீதம் பின்சக்கரத்தில் என்று வைத்துக்கொண்டால் சுமார் 51 கிலோ. அதை அவன் ஃப்ரேமின் சராசரி விகிதமான 2.73ஆல் பெருக்கினால் ஷாக்கின் மேல் 139 கிலோ. ஏறி உட்கார்ந்ததும் ஷாக் தானாக இறங்கும் அளவைத்தான் சாக் என்கிறோம். 55 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 30 சதவீத சாக் என்றால் 16.5 மி.மீ. 139ஐ 16.5ஆல் வகுத்தால் மி.மீ.க்கு 8.4 கிலோ. காயில் ஸ்பிரிங்கில் அச்சடித்திருக்கும் அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்குக்கு மாற்ற 56ஆல் பெருக்கவேண்டும். 470 வருகிறது. அவன் போட்டிருந்தது 450. அளந்த சாக் 31 சதவீதம். ஸ்பிரிங் சரிதான்.

அதே ஆளை, அதே 30 சதவீத சாக்கோடு இரண்டு பைக்கிலும் ஏற்றிப் பார்ப்போம். ஸ்ட்ரோக்கின் கடைசிப் புள்ளியில் அவன் ஃப்ரேமில் காயில் ஸ்பிரிங் சக்கரத்தில் சுமார் 170 கிலோவைத் தாங்கும். என் ஃப்ரேமில் சுமார் 210 கிலோவை. இரண்டிலும் உட்காரும்போது ஒரே மாதிரி மென்மைதான். வித்தியாசம் தெரிவது குதித்து இறங்கும்போது. 550 பவுண்டு ஸ்பிரிங் வாங்கினால் இடிப்பது குறையும். ஆனால் சாக் 25 சதவீதத்துக்குச் சுருங்கி, வேர்களின் மேல் பின்சக்கரம் தத்தித் தத்திப் போகும். காயில் எதற்காக வாங்கினானோ அதுவே போய்விடும். ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைக்கும் ப்ரீலோடு வளையத்தைத் திருகித் திருகி இறுக்குவதும் உதவாது. அது ஸ்பிரிங்கின் கெட்டித்தன்மையை மாற்றாது. ஸ்பிரிங் ஆடாமல் பிடிப்பதற்கு ஒன்றிரண்டு சுற்று போதும்.

ஏர் ஷாக் இந்த மாதிரி ஃப்ரேமில் ஏன் தப்பிக்கிறது என்றால், அடைபட்ட காற்று இயல்பிலேயே ப்ரோக்ரஸிவ். அறை சுருங்கச் சுருங்க அழுத்தம் செங்குத்தாக ஏறும். இன்னும் வேண்டுமென்றால் உள்ளே பிளாஸ்டிக் டோக்கன் ஒன்றைப் போட்டு அறையைச் சிறிதாக்கலாம். சில டாலர் செலவு, பத்து நிமிட வேலை. எடை கூடினாலும் குறைந்தாலும் பம்ப் போதும், புது ஸ்பிரிங் தேடவேண்டாம். காயிலைவிட அரைக் கிலோ அளவுக்கு லேசு. தண்டில் இருக்கும் ரப்பர் வளையம் எவ்வளவு தூரம் போனோம் என்று ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் சாட்சி சொல்லும். புதிதாக ட்யூனிங் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

ஆனால் காற்றை அடைத்து வைக்க சீல் வேண்டும், சீலில் உராய்வு உண்டு. சின்னச் சின்ன வேர், ஜல்லிக்கற்களின் மேல் ஷாக் நகர ஆரம்பிப்பதற்குள் ஒரு தயக்கம் இருக்கும். ராக்‌ஷாக்ஸின் டெபன்ஏர், ஃபாக்ஸின் எவால் என்ற ஏர் ஷாக் வகைகள் இரண்டும் நெகடிவ் அறையை, அதாவது ஷாக் அசைய ஆரம்பிக்க உதவும் எதிர்ப்பக்கக் காற்றறையைப் பெரிதாக்கி இந்தத் தயக்கத்தைப் பெருமளவு குறைத்துவிட்டன. அதற்கும் விலை உண்டு. ஆரம்பம் மென்மையானதும், கால் பங்கு ஸ்ட்ரோக் தாண்டி நடுப்பகுதியில் பிடிப்பில்லாமல் இறங்கிப்போவது போலத் தோன்றும். பிரேக்கை விட்டு வளைவில் அமுக்கும்போது இது நன்றாகத் தெரியும். பலர் இதற்கு மருந்தாகக் காற்றை ஏற்றுவார்கள், பிறகு “கரடுமுரடா இருக்கு” என்று புலம்புவார்கள்.

வெப்பமும் ஏர் ஷாக்கைப் பாதிக்கும். ஐந்து டிகிரி குளிரில் பார்க்கிங்கில் 200 பிஎஸ்ஐ வைத்த ஷாக், 25 டிகிரியில் 215ஐத் தொடும். விஸ்லர் பைக் பார்க்கில் உச்சியிலிருந்து கிராமம் வரை கிட்டத்தட்ட 1500 மீட்டர் இறக்கம். அங்கே நிற்காமல் வந்தால் ஷாக்கைத் தொடும்போது கை சுடும், ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஷாக் திரும்ப நீள்வது, மேலே இருந்ததைவிட வேகமாகத் தோன்றும். காயில் ஷாக்கிலும் டேம்பரில், அதாவது ஷாக்கின் அசைவை மட்டுப்படுத்தும் பகுதியில் உள்ள எண்ணெய் சூடாகத்தான் செய்யும். ஆனால் ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்காக இருக்கும்.

காயிலின் அழகும் அதுதான். மழையில் நனைந்த வேர்ப்பின்னல் நிறைந்த சீமோர் மலைப்பாதைகளில் அது போகும் மௌனத்தை ஒருமுறை அனுபவித்தவர் திரும்புவது கஷ்டம். தேய்ந்துபோக ஏர் சீல் கிடையாது. காற்றை அடைத்திருக்கும் ஏர் கேனுக்கு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை, டேம்பருக்கு 200 மணிக்கு ஒருமுறை சர்வீஸ் என்பது ராக்‌ஷாக்ஸ் தரும் கணக்கு. காயிலில் முதல் வேலை மிச்சம். இதற்கெல்லாம் ஒரே நிபந்தனை, கடைசிப் பகுதியைத் தாங்கும் பொறுப்பை ஃப்ரேம் எடுத்துக்கொள்ளவேண்டும். ஏறக்குறைய 20 சதவீத ப்ரோக்ரஷனாவது இல்லாத ஃப்ரேமில் காயில் போடுவதை நான் ஊக்குவிக்கமாட்டேன். 15ஐ ஒட்டி இருந்தால், எடை குறைவானவர், பெரிய ஜம்ப் அடிக்காதவர் என்றால் ஓடலாம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. 30 சதவீதத்துக்கு மேல் ப்ரோக்ரஸிவான ஃப்ரேமில், மூன்று டோக்கன் போட்ட ஏர் ஷாக்கோடு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃப்ரேம் ஒரு பக்கம் கெட்டியாகிறது, காற்று இன்னொரு பக்கம் கெட்டியாகிறது. 170 மி.மீ. பைக்குக்குக் காசு கொடுத்துவிட்டு 140தான் உபயோகிக்கிறார்கள். ரப்பர் வளையம் கடைசி 10 மி.மீ.ஐப் பார்த்ததே இல்லை. இவர்கள் டோக்கனை எல்லாம் உருவி எறியவேண்டும், இல்லையென்றால் காயிலுக்குப் போகவேண்டும். அவர்களுக்குத்தான் காயில் உண்மையிலேயே வெண்ணெய்.

நடுவழிகள் சில உண்டு. முடிவில் எண்ணெயை நெருக்கித் தடுக்கும் ஹைட்ராலிக் பாட்டம் அவுட் சில காயில் ஷாக்குகளில் இருக்கிறது. சுற்றுக்குச் சுற்று இடைவெளி மாறும் ப்ரோக்ரஸிவ் ஸ்பிரிங்குகளும் விற்கிறார்கள். கேன் க்ரீக், எம்ஆர்பி என்ற கம்பெனிகள் அந்த ஸ்பிரிங்குகளைச் செய்திருக்கின்றன. இவை பதினைந்து சதவீதத்தை ஒட்டிய ஃப்ரேமைக் கரைசேர்க்கும். தம்பியின் ஃப்ரேம் போல 3 சதவீதத்தில் நிற்பதைக் காப்பாற்றும் என்று நான் நம்பவில்லை. முடிவுக்கு முன்னால் இருக்கும் பெரிய நடுப்பகுதி அப்படியேதான் இருக்கும்.

ஸ்பிரிங்கைப் பற்றி இத்தனை சண்டை போடுகிறோமே, டேம்பிங்? இதுதான் என் பெரிய ஆதங்கம். செகண்ட் ஹேண்டில் ஷாக் வாங்குகிறவர்கள் நீளம், ஸ்ட்ரோக் இரண்டையும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். உள்ளே எந்த ட்யூன், அதாவது டேம்பிங்கை எவ்வளவு கெட்டியாக அமைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. டேம்பிங்கில் லெவரேஜ் விகிதத்தின் வர்க்கம்தான் வேலை செய்கிறது. சராசரி 2.4 உள்ள ஃப்ரேமுக்காகச் செய்த ஷாக்கை 3.0 உள்ள ஃப்ரேமில் போட்டால், சக்கரத்தில் அந்த டேம்பிங்கின் வலிமை 64 சதவீதமாகக் குறைந்துவிடும். ரீபவுண்ட் குமிழை முழுவதும் மூடினாலும் பைக் உங்களைத் தூக்கி எறியும். மாறாக, 3.0க்கான ஷாக்கை 2.4இல் போட்டால் முழுவதும் திறந்தாலும் செத்த மாதிரி மெதுவாக எழும். பழைய மொனார்க் என்ற ஷாக்குகளில் எல், எம், ஹெச் (லோ, மீடியம், ஹை) என்று ட்யூன் ஸ்டிக்கர் இருக்கும், அதைப் படிக்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். புதியவற்றில் சீரியல் எண்ணைக் கொண்டு தெரிந்துகொள்ளலாம். எடையில் மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ இருப்பவர்களுக்கு என் முதல் ஆலோசனை, புது ஷாக் வாங்கும் காசில் கால் பங்கைக் கொடுத்து இருக்கும் ஷாக்கையே ரீட்யூன் செய்யுங்கள் என்பதுதான். யாரும் கேட்பதில்லை. புதுப் பெட்டியைப் பிரிக்கும் சுகம் அதில் இல்லை.

மிதிக்கும்போது ஆடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. மிதிக்கும்போது பின்பக்கம் அமுங்குவதைத் தடுக்கும் தன்மைக்கு ஆன்டி ஸ்க்வாட் என்று பெயர். அது நன்றாக அமைந்த ஃப்ரேமில், உதாரணமாக டேவ் வீகிளின் டிடபிள்யூ லிங்க் போட்ட பைக்கில், செயின் இழுப்பே பின்பக்கம் அமுங்காமல் பார்த்துக்கொள்ளும். அங்கே ஷாக்கைப் பூட்டும் லாக் அவுட் இல்லாத காயில்கூட ஏறும். ஆன்டி ஸ்க்வாட் குறைந்த ஃப்ரேமில் ஏற்றத்துக்கான லீவர் கட்டாயம் வேண்டும். லீவர் இல்லாத டவுன்ஹில் காயில் சல்லிசாகக் கிடைக்கிறது என்று வாங்கி மாட்டிவிட்டு, ஃப்ரோம் மலையில் ஒரு மணி நேரம் தவளை மாதிரி குதித்துக் குதித்து ஏறியவன் நான்.

அளவில் ஏமாறாதீர்கள். 2016இல் ராக்‌ஷாக்ஸ் முன்னின்று கொண்டுவந்த மெட்ரிக் அளவுகள்தான் இப்போது பெரும்பாலான புது ஃப்ரேம்களில்: 210 நீளம் 55 ஸ்ட்ரோக், 230க்கு 60 அல்லது 65. ஷாக்கின் ஒரு முனையை இரண்டு பக்கமும் போல்ட்டால் பிடிக்கும் ட்ரனியன் மவுன்ட் என்றால் அதே ஷாக் 25 மி.மீ. குட்டை: 185, 205. பழைய அங்குல அளவு ஷாக் இதற்குள் வராது. 230க்கு 60 கேட்கும் ஃப்ரேமில் 65ஐப் போட்டால் ஐந்து மி.மீ.தானே என்று தோன்றும். விகிதம் 2.5 என்றால் சக்கரத்தில் 12 மி.மீ.க்கு மேல், டயர் சீட் ட்யூபில் போய் உரசலாம். உள்ளே ஸ்பேசர் போட்டு 60 ஆக்கிய பிறகே மாட்டவேண்டும். காயில் சுற்றளவில் பருமன் என்பதால் டவுன் ட்யூபில் இடிக்கிறதா என்று ஸ்பிரிங் இல்லாமல் ஒருமுறை முழு டிராவலையும் ஓட்டிப் பாருங்கள். இன்னொன்று ரொம்ப முக்கியம். ஷாக்கின் ஒரு முனையை நீளமான கவை போன்ற யோக் பிடித்திருக்கும் ஃப்ரேம்களில், பக்கவாட்டு விசை முழுவதும் ஷாக்கின் தண்டில் இறங்கும். ஏர் ஷாக்கின் பெரிய கேன் அதைப் பங்குபோட்டுக்கொள்ளும். காயிலில் மெல்லிய தண்டு தனியாகத் தாங்கவேண்டும். தண்டு வளையும், முறியும். அப்படிப்பட்ட ஃப்ரேமில் வளைவு எவ்வளவு அருமையாக இருந்தாலும், ஃப்ரேம் செய்தவரும் ஷாக் செய்தவரும் இருவருமே சரி என்று சொன்னால் ஒழியக் காயிலைத் தொடாதீர்கள்.

ஆக, நான் எப்படி முடிவெடுப்பேன்? ப்ரோக்ரஷன் 15க்குக் கீழே என்றால் ஏர், பேச்சே இல்லை. 20க்கு மேலே, யோக் இல்லை, இறக்கம்தான் வாழ்க்கை, எடை அடிக்கடி மாறுவதில்லை என்றால் காயில். நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கும், ஒரே பைக்கில் வேலைநாள் சாயங்காலம் ஏறவும் சனிக்கிழமை குதிக்கவும் ஆசைப்படுகிறவர்களுக்கும் பெரிய நெகடிவ் அறையுள்ள ஏர் ஷாக், அதுவும் சரியான ட்யூனோடு. என்னிடம் ஒரே ஷாக்குக்குத்தான் காசு இருக்கிறது, ஃப்ரேம் எதுவென்றே தெரியாது என்று யாராவது சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு ஏர் என்பேன். நான் ஓட்டுவது என்னவோ காயில்தான்.

தம்பிக்கு 210க்கு 55இல் பழைய ஏர் ஷாக் ஒன்று இரண்டு வாரத்தில் கிடைத்தது. ட்யூன் எம், அவன் விகிதத்துக்கு ஒத்துவரும். இரண்டு டோக்கன் போட்டு, 30 சதவீத சாக் வைத்து, நெட்ஸ் அடாமிக் டஸ்ட்பின் என்ற மலைப்பாதையில் இறக்கிப் பார்த்தோம். கீழே வந்ததும் பைக்கைக் கவிழ்த்துவைத்து ரப்பர் வளையத்தைப் பார்த்தான். முடிவுக்கு 3 மி.மீ. மிச்சம். இடித்ததா என்று கேட்டேன், ஒருமுறைகூட இல்லை என்றான். வேர்களின் மேல் காயில் அளவுக்கு இல்லை என்பதையும் அவனே சொன்னான்.

அந்தக் காயில் ஷாக் இப்போது என் அலமாரியில் பழைய டயர்களுக்கு நடுவே இருக்கிறது. விற்றுவிடு என்றால் கேட்கமாட்டேன் என்கிறான். போன வாரம் போனில் ஒரு ஃப்ரேமின் படத்தை அனுப்பியிருந்தான். கீழே, “அண்ணா, நம்ம ஷாக்குக்கு இது ஒத்துவருமா?”